தட்டிப் பார்த்துச் சொன்னவர்

எதைக் கையில் கொடுத்தாலும் அவர் முதலில் தட்டிப் பார்ப்பார். பப்பாளிப் பழம், ஓடாத ரேடியோ, புதுத் தவலை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் முதுகு, எதுவானாலும் சரி. ஆள்காட்டி விரலை மடக்கி இரண்டு தட்டு. பிறகு கண்ணாடியைக் கழற்றுவார். மற்றவர்கள் ஒன்றை உற்றுப் பார்க்கக் கண்ணாடி போடுவார்கள், இவர் கழற்றுவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூக்கால் ஒரு 'ம்' போட்டுவிட்டு, அதற்கப்புறம் சொல்வார். சொன்னது பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

தங்கச் சுரங்கத்தில் அவர் டிம்பர் மேஸ்திரி. பூமிக்கு அடியில் பாறை சரியாமல் மரத்தை முட்டுக் கொடுக்கிற கூட்டத்துக்குத் தலைவர். நான் அவருக்குக் கீழே மரம் தூக்கினவன். சாம்பியன் ரீப்ஸில் கம்பெனி கட்டின வீட்டு வரிசையை லைன் என்போம்; ஒரே லைனில்தான் அவர் வீடும் என் வீடும். அவருடைய பேர் லைனில் பாதிப் பேருக்குத் தெரியாது. மேஸ்திரி என்றால் நாய்கூட அவர் வீட்டுப் பக்கம்தான் திரும்பும். அதனால் நானும் மேஸ்திரி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

தட்டுகிற பழக்கம் கீழே வந்தது. வேலை தொடங்குமுன் தலைக்கு மேலே இருக்கிற பாறையைக் கம்பியால் தட்டுவார்கள். கணீரென்று கேட்டால் நிற்கும். காலிப் பானை மாதிரி கேட்டால் விலக வேண்டும். தட்டினவனைச் சுற்றி ஒரு ஷிப்ட் ஆளும் நின்றுகொண்டிருப்போம், வாயைப் பார்த்துக்கொண்டு. அப்போது அவன் "தெரியலப்பா" என்று சொல்ல முடியுமா? ஏதாவது ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லா மேஸ்திரிக்கும் அப்படித்தான். மற்ற மேஸ்திரிகள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வந்ததும் அந்தப் பழக்கத்தைக் கீழேயே விட்டுவிட்டு வந்தார்கள். இவர் மட்டும் கூடவே கொண்டு வந்துவிட்டார். தெரியாது என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

ஒரு தடவை பங்காருப்பேட்டை வண்டியில் பெண் பார்க்க ஒரு கூட்டம் வந்து இறங்கியது. கையில் தாம்பாளம், பூ, பழம். ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்த இவரிடம் ஒரு ஆளின் பேரைச் சொல்லி அவர் வீட்டுக்கு வழி கேட்டார்கள். இவருக்கு அந்த ஆளைத் தெரியாது. ஆனாலும் பக்கத்தில் இருந்த மின்கம்பத்தைத் தட்டிவிட்டு, "நேரா போயி, தண்ணி டேங்க்காண்ட திரும்பி, மூணாவது லைன்ல பச்ச கதவு" என்றார். பச்சைக் கதவு இருந்தது. உள்ளே கல்யாண வயதில் ஒரு பெண்ணும் இருந்தாள். அவர்கள் வீட்டுக்கும் அன்றைக்கு யாரோ வருவதாகப் பேச்சு. காபி குடித்து, பாதி பேசி முடித்த பிறகுதான் இரண்டு பக்கத்தாரும் முழித்தார்கள். ஆனால் பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. கல்யாணமே நடந்துவிட்டது. இன்றைக்கு அவர்களுக்குப் பேரப்பிள்ளைகள். மேஸ்திரி சாகிற வரைக்கும் அவர்களை எங்கே பார்த்தாலும், "நான் சொன்ன வழி தப்பா?" என்று கேட்பார். தப்பு என்று எப்படிச் சொல்வது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு? உண்மையாகப் பெண் வைத்துக்கொண்டு காத்திருந்த அந்த இன்னொரு வீட்டுக்காரர்கள் இவரிடம் பேசுவதில்லை. அதை இவர் கண்டுகொண்டதும் இல்லை.

ஏர்பிளாஸ்ட் என்று ஒன்று உண்டு. கீழே எங்கேயோ பாறை வெடித்து மேலே வீடு ஆடும், அலமாரியில் டம்ளர் உருளும். டம்ளர் உருண்டு நிற்பதற்குள் இவர் தரையைத் தட்டி, எந்த ஷாப்ட், எந்த லெவல், எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். சுரங்கத்தை மூடி, கீழே தண்ணீர் நிறைந்த பிறகும் சொன்னார். ரோட்டில் லாரி போனாலும் சொன்னார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் கீழே ஒரு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்க வாணாம், எல்லாரும் வெளிய வாங்க" என்றார். எனக்குக் கேட்டது கணீரென்றுதான். சுரங்க அதிகாரி காப்டன் வந்து கத்தினான், சம்பளத்தில் கை வைப்பேன் என்றான். இவர் நகரவில்லை. கடைசியில் வேறு இடத்துக்குப் போனோம். அந்தப் பாறை அன்றைக்கு விழவில்லை. மறுநாள் விழவில்லை. சுரங்கம் மூடுகிற வரைக்கும் விழவில்லை. ஆளாளுக்கு அவரைக் கிண்டல் செய்தார்கள். "இன்னா மேஸ்திரி, உங்க பாற நல்லா கீதா?" என்பார்கள்.

"நாமதான் இல்லையே. நாம இல்லாதப்ப அது எதுக்கு விழணும்?" என்பார் அவர்.

ராஜம்மா கதைக்கு வர வேண்டும். அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன்.

ராஜம்மா எங்கள் லைனில் கடைசி வீடு. அவளுடைய மாமனார் இரண்டாம் யுத்தத்துக்குப் போனவர். துப்பாக்கி தூக்கவில்லை, பட்டாளத்துக்குச் சமைத்துப் போட்டார். இத்தாலி வரைக்கும் போனதாகச் சொல்வார்கள். திரும்பி வந்ததும், தங்கக் கல்லை அரைக்கிற மில்லின் துரை பங்களாவில் பட்லர் வேலை கிடைத்தது. அந்தத் துரை யுத்தக் காலம் முழுக்க இங்கேயே மில்லில் இருந்தவன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வாலண்டியர் படையோடு மைதானத்தில் நடப்பான். அப்படி நடந்ததற்கு அவனுக்கு, மெடலுக்குப் பதிலாகச் சட்டையில் குத்திக்கொள்கிற ஒரு ரிப்பன் பட்டை கொடுத்திருந்தார்கள். எலியைக்கூடச் சுடாமல் வாங்கின பட்டை. ஒரு நாள் அதைக் காணோம். பட்லர்தான் எடுத்திருப்பான் என்று வேலையை விட்டுத் துரத்தினான். பட்லர் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் துரையும் சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டான். பட்டை கிடைத்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் ஊரில் திருட்டு என்றால் சாதாரணம் கிடையாது. ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் வாயைத் திற, கையைத் தூக்கு என்று தங்கத்துக்காகச் சோதனை போட்டுத்தான் வீட்டுக்கு விடுவார்கள். அப்படிச் சோதனை கொடுத்துக் கொடுத்து, எங்களுக்கும் அடுத்தவனைச் சோதிக்கிற கண் வந்துவிட்டது. ராஜம்மாவின் புருஷன், அந்தப் பட்லரின் மகன், எனக்குத் தெரிந்தவன். பாவம், புதுச் சட்டை போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக மாட்டான். போனால், "இன்னாப்பா, பங்களா சட்டையா?" என்று யாராவது கேட்பார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த கைக்கடிகாரத்தைக் கட்டவே இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மணி பார்க்க மூலைக்குப் போவான். அப்படியே செத்தும் போனான்.

சுரங்கம் மூடின பிறகு ஒரு மழைக்காலம். வீடு ஒழுகுகிறது என்று ராஜம்மா மாமனாரின் பழைய மரப்பெட்டியை நகர்த்தியிருக்கிறாள். அடிப்பலகை பெயர்ந்துவிட்டது. பலகைக்குக் கீழே துணியில் சுற்றின ஒரு சிகரெட் டப்பா. அதற்குள்ளே ரிப்பன் பட்டை.

நான் அப்போது மேஸ்திரி வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அவள் வந்த நடையே சரியில்லை. முந்தானைக்குள் கையை வைத்திருந்தாள்.

"மேஸ்திரி, இது இன்னாதுன்னு சொல்லுங்க. யாருதுன்னும் சொல்லுங்க. துரைதுன்னா துரைதுன்னே சொல்லிடுங்க, நான் கெணத்துல போட்டுட்டு பேசாம இருந்துக்கறேன்."

விரல் நீளத்துக்கு ஒரு இரும்புத் தகடு, பின்னால் ஊசி. தகட்டின்மேல் அடுத்தடுத்து மூன்று துணித் துண்டு. முதலாவது கறுப்பு, இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கோடு. இரண்டாவதில் நடுவே சிவப்பு, இரு பக்கமும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள், அதன்மேல் குறுக்காக வைத்த சின்னஞ்சிறு கத்தி இரண்டு. மூன்றாவது வெறும் நீலம், அதன்மேல் இறக்கை விரித்த ஒரு பறவை.

மேஸ்திரி தகட்டைத் தட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் 'ம்' போடுவதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் மளிகைக் கடைக்காரர் நின்றுவிட்டார். அவர் கடைக்குப் பூட்டு உண்டு, காதுக்குக் கிடையாது.

"இதுல இன்னா மேஸ்திரி பாக்கறதுக்கு கீது? துரை பட்டைதான். கெழவன் எடுத்தது மெய்யா போச்சி. எடுக்காதவன் எதுக்கு பலகைக்கு அடியில ஒளிக்கிறான்?"

ராஜம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"துரை பட்டையா?" என்றார் மேஸ்திரி. "துரை பட்டைன்னா ராஜா தல இருக்கும். இதுல எங்கய்யா கீது தல? காட்டு பாக்கலாம்."

"அப்போ இன்னாது இது?"

"கம்பெனிது."

மெடலில்தான் ராஜா தலை இருக்கும், ரிப்பனில் இருக்காது. அது கடைக்காரருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மேஸ்திரி நகத்தை முதல் துணியில் வைத்தார்.

"கறுப்பு இன்னா? சுரங்கம். ரெண்டு ஓரமும் வெள்ள கோடு இன்னா? டிராம் வண்டி போற தண்டவாளம். இது அண்டர்கிரவுண்டு சர்வீசுக்கு குடுத்தது. ரெண்டாவது பாரு, நடுவுல செவப்பு. ரத்தம். அதும்மேல குறுக்கால ரெண்டு சுத்தி. ரெஸ்க்யூ டீம்."

"கத்தி மாதிரி கீதே மேஸ்திரி," என்றேன் நான்.

"ஏம்பா, நீ மரம் தூக்குனவன்தானே? சுத்தி தேஞ்சா எப்படி இருக்கும்? கத்தி மாதிரிதான் இருக்கும்."

மூன்றாவதுக்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். பறவையின் காலில் ஏதோ உருண்டையாக இருந்தது. கறுத்துப் போயிருந்ததால் சரியாகத் தெரியவில்லை.

"கருடன். கால்ல இன்னா வெச்சினு கீது? தங்கம். நீலம் இன்னா? சமுத்திரம். சமுத்திரத்து மேல தங்கத்த தூக்கினு சீமைக்கு போவுது. இத்தினி வருசம் தூக்கினு போனானே கம்பெனிக்காரன், அத பொம்மையா போட்டு ஒரு பட்டையாச்சும் குடுக்க மாட்டானா?"

கடைக்காரர் விடவில்லை. "கெழவன் பட்லரு. அண்டா கழுவுனவனுக்கு எதுக்கு ரெஸ்க்யூ பட்டை?"

"துரைக்கு டீ எடுத்துனு ஒரு நாளாச்சும் கேஜ்ல எறங்கியிருக்க மாட்டானா? எறங்குனப்ப எவனாச்சும் மாட்டியிருக்க மாட்டானா? மாட்டுனவன இழுக்க மாட்டானா? டீ எடுத்துனு போறவனுக்கு கை இல்லியா?"

கடைக்காரர் கடையைப் பார்க்க நடையைக் கட்டினார். ராஜம்மா பட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். மேஸ்திரி விடவில்லை. ராபர்ட்சன்பேட்டைக் கடையில் கண்ணாடிச் சட்டம் போட வைத்து, போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு துணிக்கும் கீழே பேர் எழுத வைத்தார். 'அண்டர்கிரவுண்டு சேவை.' 'ரெஸ்க்யூ வீரம்.' 'தங்கம் தூக்கும் கருடன்.' எழுதினவர் நல்ல மஞ்சள் பெயிண்டில் எழுதிக் கொடுத்தார்.

அப்போது பார்த்து முனிசிபல் எலெக்ஷன். ஒரு வார்டுத் தலைவர், ரெஸ்க்யூ வீரர் குடும்பத்துக்குப் பாராட்டு விழா என்று மேடை போட்டுவிட்டார். பட்லருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. பேனர் அடிக்கிறவர் எங்கிருந்தோ ஹெல்மெட் போட்ட ஒரு வெள்ளைக்காரன் படத்தைப் பிடித்து, கொஞ்சம் கறுப்பாக்கிப் பெரிசாக அடித்துவிட்டார். ராஜம்மா அதை நிமிர்ந்து பார்த்து, "மாமா இவ்ளோ செவப்பு இல்ல" என்றாள். "வீரர்னா அப்படித்தாம்மா" என்றார் தலைவர். அவளுக்குச் சால்வை போட்டு போட்டோ எடுத்தார்கள்.

கூட்டத்திலிருந்து ஒரு கிழவன் எழுந்தான். நிஜமாகவே ரெஸ்க்யூ டீமில் இருந்தவன். "எந்த ஷாப்ட்ல, எவன இஸ்தாரு உங்க பட்லரு? பேர சொல்லு!"

மைக்கைத் தலைவர் மேஸ்திரியிடம் தள்ளினார். மேஸ்திரி மைக்கையும் தட்டினார். ஊரெல்லாம் டொக் டொக் என்று கேட்டது.

"காப்பாத்துனவன் பேரு கேப்பானாய்யா? இஸ்துப் போட்டுட்டு டீ ஆறிடும்னு வந்துட்டாரு."

மைதானமே சிரித்தது. மறுநாளிலிருந்து அந்த வீட்டுக்கு 'டீ ரெஸ்க்யூ' என்று பேர். தண்ணீர்க் குழாயில் பிள்ளைகள்கூட, "டீ ஆறிடும், வழி விடு" என்று கத்தின. எனக்கு மேஸ்திரி மேல் கோபம் வந்தது. நான்தான் ராஜம்மாவிடம் போய் வருத்தப்பட்டேன். அவள் சொன்னாள்:

"பரவால்ல அண்ணா. திருடன்னு கொரல தாழ்த்தி சொல்லுவாங்க. இத சிரிச்சிக்கினு மூஞ்சிக்கு நேரா சொல்றாங்க. மூஞ்சிக்கு நேரா சொன்னா நானும் திருப்பி சொல்லலாம்."

ஆனாலும் உள்ளுக்குள் அவளுக்கு நம்பிக்கை இல்லை என்று எனக்குத் தெரியும். விசேஷத்துக்கு யாராவது பெரியவர்கள் வந்தால் அந்தச் சட்டத்தின்மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவாள்.

மேஸ்திரி படுத்துவிட்டபோது ஒரு சின்ன டாக்டர் வந்து பார்த்தார். முதுகில் விரலை வைத்துத் தட்டினார். மேஸ்திரிக்கு முகமெல்லாம் சந்தோஷம். "இன்னா சொல்லுது?" என்று கேட்டார்.

"தெரியல தாத்தா. ஸ்கேன் எடுத்துதான் சொல்லணும்."

"தெரியலியா?" மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "அப்பறம் எதுக்குப்பா தட்டுறான்?"

அது அவர் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி.

ராஜம்மாவின் மருமகள் தினமும் வண்டி ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். இந்த வருஷம் அவள் கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு ஆபீசர் வந்தாராம். பேச்சுவாக்கில் எங்கள் ஊர், பழைய சுரங்கம் என்று சொல்லி, போனில் இருந்த வீட்டுப் போட்டோவைக் காட்டியிருக்கிறாள். பின்னால் சுவரில் அந்தச் சட்டம். அவர் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தாராம். முகம் சிவந்துவிட்டதாம்.

மறுநாள் ராஜம்மா என் வீட்டுக்கு வந்தாள். நடை வேறு மாதிரி இருந்தது.

"அண்ணா, அது ஜெர்மன் பட்டாளத்தான் சட்டையில குத்திக்கினு இருந்ததாம். கறுப்பு துணி இரும்புச் சிலுவைக்காம். நடுவுல செவப்பு கீதே, அது மொத யுத்தத்துல சண்ட போட்டதுக்கு. சுத்தியில்ல, நீ சொன்ன மாதிரி கத்திதான். நீலம் ரொம்ப வருசம் பட்டாளத்துல இருந்ததுக்கு. அந்த கருடன் கால்ல தங்கம் இல்லியாம். ஹிட்லரு முத்திரையாம். 'அத மட்டும் மாட்டி வெக்காதீங்க, எங்க ஊர்ல தப்பு, எங்க தாத்தாகிட்டயும் இது இருந்துச்சி'ன்னு தலைய குனிஞ்சிக்கினு சொன்னாராம்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மில் துரை கடல் தாண்டிச் சண்டைக்குப் போகாதவன். அவன் தொலைத்தது இங்கே மைதானத்தில் நடந்து வாங்கின பட்டை. ஜெர்மன்காரன் பட்டை அவன் சட்டையில் எப்படி இருக்கும்? இத்தாலிக்குப் போய்ச் சமைத்துப் போட்டு வந்தது பட்லர். அங்கே எதிரில் சண்டை போட்ட ஜெர்மன்காரனுடையது ஏதோ ஒரு மண்ணில் கிடந்ததை எடுத்து வந்திருக்கிறார்.

"அப்போ ஒளிச்சி வெச்சது?" என்றேன்.

"பட்டை திருடுனேன்னு சொல்றப்ப, வீட்ல வேற ஒரு பட்டை கீதுன்னு யாருக்கு காட்டுவாரு? யாரு நம்புவா?" அவள் போக எழுந்தாள். "எங்க வூட்டுக்காரரு இருந்திருக்கணும் அண்ணா. வாட்ச்ச கையில கட்டியிருப்பாரு."

கடைத்தெருவுக்குப் போய் நேராக மளிகைக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் பாதாமைக் கொட்டிக்கொண்டே, "நான் அப்பவே சொன்னனேம்மா, அது துரைது கெடையாதுன்னு" என்றாராம். ஊரில் இப்போது எல்லாரும் அப்பவே சொன்னவர்கள்தான்.

அவள் திரும்பி வந்து அதைச் சொன்னபோது எனக்கு மேஸ்திரி மேல் இருந்த பழைய கோபம் திரும்ப வந்தது. "அந்தாளு தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நீ அன்னிக்கே வேற எவனையாவது கேட்டிருப்பே. இத்தினி வருசம் துண்டு போட்டு மூடியிருக்க வேண்டாம்."

"தப்பாதான் சொன்னாரு," என்றாள் ராஜம்மா. "மூணையும் தப்பா சொன்னாரு. ஆனா அண்ணா, தட்டிப் பாக்காமயே பதில் சொன்னது இந்த ஊரு. எல்லாருக்கும் ஒரே பதில்தான், திருடன்னு. அவரு ஒருத்தருதான் வேற சொன்னாரு."

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். சட்டத்தின்மேல் துண்டு இல்லை. துணிகள் மூன்றும் அப்படியே இருந்தன, மஞ்சள் பெயிண்டில் பேர்களும் அப்படியே. நீலத் துணியின்மேல் மட்டும் இரண்டு ஊசி ஓட்டை. பறவையைப் பிடுங்கி, சுரங்கக் கழிவு மண் கொட்டின சயனைட் மேட்டில் வீசிவிட்டாளாம்.

"பேருங்கள மாத்தலியா?"

"ஜெர்மன்காரன் வந்து கேக்கட்டும், மாத்தறேன்."

மருமகளைப் பார்க்கப் பக்கத்து லைனிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தாள். சட்டத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "தங்கம் தூக்கும் கருடன்னு போட்டு கீது. கருடன் எங்க?"

ராஜம்மா விரலை மடக்கிச் சட்டத்தின் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"தூக்கினு போயிடுச்சி."